பத்துப் பொருத்தமும் நாப்பது பாயிண்டும்

வா அப்புனு, அந்தக் கயித்துக் கட்டலை இக்கட்டால இழுத்துப் போட்டு உக்காரு. வெயில் எறங்கட்டும், சித்தெ பழமை பேசலாம். நேத்து உங்கம்மா போன்ல, "பையனுக்கு ஈபி புதுப்பிக்கோணுமாமா, ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்கறான்"னு சொன்னா. எனக்கு ஒண்ணும் வெளங்கலை. தோட்டத்து மோட்டாருக்குக் கவுருமெண்டு ஓசிக் கரண்டு குடுக்குது. சாளை லைட்டுக்கு நான் தவறாம பில்லுக் கட்டறேன். இதுல சிங்கப்பூருல இருக்கறவனுக்கு ஈபியில என்ன பாக்கின்னு கேட்டுப்போட்டேன். அவ சிரிச்ச சிரிப்புல போனே கட்டாயிப் போச்சு.

அப்பறந்தான் தெரிஞ்சுது, உன்ற ஈபி எம்ப்ளாய்மென்ட் பாஸுன்னு. அதைப் புதுப்பிக்கறதுக்குக் காம்பஸ் வெச்சுப் பாக்கறாங்களாமா. நான் படிக்கறப்ப ஜாமெட்ரி டப்பாவுல ஒரு காம்பஸ் இருந்துது. அதுல வட்டம் போடலாம். பக்கத்துல உக்காந்திருக்கறவனைக் குத்தலாம். உன்ற மூஞ்சியைப் பாத்தா இந்தக் காம்பஸும் அதே ரெண்டு வேலையைத்தான் பண்ணுதாட்ட இருக்குது.

நீ செல்லுல காட்டுனயல்ல, அந்தக் காம்பஸ் பாயிண்டுக் கணக்கை ராத்திரி படுத்துட்டே யோசிச்சேன். இதுல என்ன புதுசு? நாப்பது வருசமா இந்தச் சுத்துப்பட்டுல நான் பாக்காத சாதகப் பொருத்தமா? உங்கப்பன் உங்கம்மா சாதகம் உட்பட. அதுல ஆறுதான் சேந்துது. எட்டுன்னு சொல்லி முடிச்சு வெச்சேன். உங்கப்பன் காதுல போட்டுறாதே, இப்பத்தான் மனுசன் கொஞ்சம் தெளிஞ்சிருக்கறாரு.

பத்துப் பொருத்தம்னு சொல்றதுல ரஜ்ஜுன்னு ஒண்ணு இருக்குது. தினம், கணம், யோனி, வசியம்னு மத்த ஒம்பதும் தாம்பாளத்துல வரிசை கட்டி வந்தாலும், ரஜ்ஜு தட்டுச்சுன்னா சோசியரு பஞ்சாங்கத்தை மூடிப்போடுவாரு. உன்ற சிங்கப்பூருக்காரனுக்கும் ஒரு ரஜ்ஜு இருக்குது, அடிப்படைச் சம்பளம். அது தட்டுனா பாயிண்டுக் கணக்குக்கே போக மாட்டான். 2025 சனவரியில இருந்து புதுசா வர்றவனுக்கு மாசம் 5,600 வெள்ளி, அதான் சிங்கப்பூரு டாலரு. பணங்காசு பொழங்கற நிதித் துறைன்னா 6,200. உன்னையாட்டப் புதுப்பிக்கறவனுக்கு அதே வரம்பு 2026 சனவரியில இருந்து. அதும் இருவத்தி மூணு வயசுப் பொடிப் பையனுக்குத்தான் அந்தக் கணக்கு. வயசு ஏற ஏற வரம்பும் ஏறிட்டே போயி, 45 ஆனவனுக்கு நிதித் துறை அல்லாத வேலையிலயே 10,700 வெள்ளி.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நம்ம பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில பல்லைப் புடிச்சுப் பாப்பாங்க. பல்லு தேஞ்சுதுன்னா வெலை எறங்கும். அங்க வயசான மாடு வெலை ஏறுனாத்தான் சந்தைக்குள்ள நிக்க உடுவாங்களாமா. நானெல்லாம் அங்க போனா என்னை எத்தனை ஆயிரம் வெள்ளிக்கு நிறுத்துவாங்களோ! உங்கம்மிச்சிகிட்டச் சொன்னேன். "ஓசிக்கும் ஒருத்தன் கேக்க மாட்டான், எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க"ன்னு சொல்லிப்போட்டா.

ரஜ்ஜு தாண்டுனா மத்த பொருத்தம். நாலு முக்கியம், ரெண்டு உபரி. முக்கியமான நாலுலயும் ஒவ்வொண்ணுக்கும் இருவது, பத்து, இல்லாட்டி சைபரு. கூட்டிப் பாத்தா நாப்பது வரோணும்.

மொதல் பொருத்தம் சம்பளம். மறுக்காவும் சம்பளமான்னு கேக்காதே, இது வேற. அதே துறையில, அதே வயசுல இருக்கற உள்ளூரு ஆளுகளோட உன்னை நிறுத்திப் பாக்கறான். நூறு பேரு வரிசையில கீழ இருந்து அறுவத்தஞ்சு பேரைத் தாண்டுனாப் பத்து. தொண்ணூறு பேரைத் தாண்டுனா இருவது. ரெண்டாவது படிப்பு. சாதா டிகிரிக்குப் பத்து, அவன் பட்டியல்ல இருக்கற பெரிய பேரு வாங்குன காலேஜுன்னா இருவது. உங்கப்பன் ரெண்டு ஏக்கரா தென்னந்தோப்பை அடமானம் வெச்சுக் கட்டுன காலேஜுக்குப் பத்துப் பாயிண்டு. ஏக்கராவுக்கு அஞ்சு. பரவாயில்லை, தேங்காய்க்கு இருக்கற நோவுக்கு அதே நல்ல மகசூலு.

மூணாவதுலதான் நீ மொணங்கறே. கம்பெனியில பேனா புடிக்கற வேலை, மேலாள் வேலை, தொழில்நுட்ப வேலை பாக்கறவங்கள்ல உன்ற நாட்டுக்காரன் நூத்துக்கு எத்தனை பேருங்கற கணக்கு. அஞ்சுக்குக் கீழன்னா இருவது. அஞ்சுல இருந்து இருவத்தஞ்சுக்குள்ளன்னா பத்து. இருவத்தஞ்சும் அதுக்கு மேலயும் போனா சைபரு. நாலாவது, அந்தக் கம்பெனி உள்ளூருக்காரனுக்கு எத்தனை வேலை குடுத்திருக்குதுன்னு அதே துறையில இருக்கற மத்த கம்பெனிகளோட வெச்சுப் பாக்கறது.

இப்ப உன்ற கணக்கைப் போடு. உன்ற கம்பெனியில அந்த மாதிரி ஆளுக அறுவது பேரு. அதுல நம்ம நாட்டுக்காரங்க இருவத்தியொண்ணு. சம்பளத்துக்குப் பத்து, படிப்புக்குப் பத்து, நாட்டுக்காரன் கணக்குல சைபரு, உள்ளூரு ஆளு கணக்குல பத்து. ஆக மொத்தம் முப்பது. முகூர்த்தத்துக்குப் பத்துக் கொறையுது.

அதுக்குத்தான் உபரி இருக்குது. ஆளு கெடைக்காத வேலைன்னு அந்த ஊரு அமைச்சுல ஒரு பட்டியல் போட்டிருக்கறாங்க. உன்ற வேலை அதுல இருக்குது, அதுக்கு இருவது எச்சாக் கெடைக்கும்னு நீயே சொன்னே. ஆனா கம்பெனியில உன்ற நாட்டுக்காரன் மூணுல ஒரு பங்கோ அதுக்கு மேலயோ இருந்தான்னா அந்த இருவதும் பத்தாத் தேஞ்சுரும். அறுவதுல மூணுல ஒரு பங்கு இருவது. நீங்க இருவத்தியொண்ணு. அப்ப உனக்குப் பத்துதான். முப்பதும் பத்தும் நாப்பது. அப்புனு, நீ பாஸ்! ஒரு நூலு எச்சும் இல்லை, கம்மியும் இல்லை. வாய்க்கா மேட்டுல சைக்கிள் ஓட்டறாப்பல போயிட்டிருக்கறே. ரெண்டு பேரு வேற கம்பெனிக்குத் தாவுனா பத்தொம்பது ஆயிரும், உன்ற பத்து இருவதாகும். பந்தியில ரெண்டு ஒறம்பரை எந்திரிச்சாத்தான் நம்ம எலைக்கு வடை வரும்ங்கற கதை. அதுக்குன்னு பக்கத்துச் சீட்டுக்காரனை எந்திரிக்கச் சொல்லிப் பாத்துட்டு நிக்காதே.

நீ மொணங்கறது என்னன்னா, "அப்பிச்சி, ஆறு வருசமா ராத்திரி பகலா வேலை செஞ்சேனுங்க, என்ற வேலைக்கு எங்க பாயிண்டு?" அங்கதான் நீ தப்பாக் கணக்குப் போடறே. அந்த நாலுல ரெண்டு உன்னைப் பத்தினது, ரெண்டு நீ நிக்கற கம்பெனியைப் பத்தினது. பொண்ணு பாக்கப் போறப்ப மாப்பிள்ளையை மட்டுமா பாக்கறோம்? ஊட்டுக் கூரையைப் பாக்கறோம், கட்டுத்தரையைப் பாக்கறோம், கெணத்துல தண்ணி எட்டுதான்னு எட்டிப் பாக்கறோம். கெணறு வத்துனதுக்குப் பையன் என்ன பண்ணுவான்? ஒண்ணும் பண்ண மாட்டான். ஆனாப் பொண்ணு குடுக்க மாட்டாங்க. சைபரு உன்ற மூஞ்சிக்குப் போட்டதில்லை, கம்பெனிக் கெணத்துக்குப் போட்டது. இன்னொண்ணு. அது சாதி, மொழி பாத்துப் போட்ட கணக்குமில்லை. அந்த ஊருலயே பொறந்து வளந்த சிங்கப்பூருத் தமிழன் உன்ற பக்கத்துல உக்காந்திருந்தா அவன் உள்ளூருக் கணக்கு. பாஸ்போர்ட்டுத்தான் பேசும்.

நம்ம பால் சொசைட்டிக் கதை உனக்குத் தெரியுமல்ல? மொதல்ல லாக்டோமீட்டரு. பாலுல உட்டா டிகிரி காட்டும், அதுதான் வெலை. அப்பறம் கொழுப்புப் பாத்து வெலைன்னாங்க. அதுக்கப்பறம் கொழுப்பு மட்டும் பத்தாது, கொழுப்பில்லாத திடச்சத்தும் வேணும்னாங்க. மாடு அதே மாடு. தீவனம் அதே தீவனம். கேனைத் தூக்கிட்டுப் போன நானும் அதே நான். மானி மாறுச்சு, வெலை மாறிப்போச்சு. மொத நாளு கேனை ஒதைச்சேன். கேன் நசுங்குச்சு, காலு வீங்குச்சு, பாயிண்டு ஏறலை. ரெண்டாம் நாளு உங்கம்மிச்சிதான் சொன்னா, "மானியைத் திட்டுனா மாடு சத்தா கறக்கும்? வெறும் பச்சையவே போடாம காஞ்ச சோளத்தட்டையும் கலந்து போடுங்க, பருத்திக்கொட்டை ஆட்டி வைங்க"ன்னு. போட்டேன், கொழுப்பு ஏறுச்சு. எனக்கில்லை, பாலுக்கு.

அதனால ஒதைக்கறதை உட்டுப்போட்டு, தீவனத்தைப் பத்திப் பேசலாம்.

மொத வேலை, தேதியைப் பாரு. பாஸ் முடியறதுக்கு ஆறு மாசம் முந்தியே புதுப்பிக்கக் குடுக்கலாம். நீ குடுக்க முடியாது, கம்பெனிதான் குடுக்கோணும். உன்ற கம்பெனி மேனேஜரு என்ன சொன்னாரு? "பாக்கலாம்". அப்புனு, இந்தப் 'பாக்கலாம்'ங்கற வார்த்தைக்கு வயசு ஆயிரம். பொண்ணு ஊட்டுல "பாக்கலாம்"னு சொன்னா அடுத்த சாதகத்தை எடுன்னு அர்த்தம். ஆனா ஆபீசுல அதுக்கு, "நான் இன்னும் கணக்கே போடலை"ன்னு அர்த்தம். அமைச்சோட இணையதளத்துல மார்க்கு போட்டுப் பாக்கற வசதி இருக்குது. கம்பெனியோட ரெண்டு மார்க்கு என்னன்னு கம்பெனிக்காரன் உள்ள போய்ப் பாத்துக்கலாம். ஒரு டீ வாங்கிக் குடுத்துப் பக்கத்துல உக்கார வெச்சுப் போட வை. டீக்கு மசியலைன்னா சொல்லு, இங்கிருந்து தேங்காய் பர்பி தாட்டி உடறேன்.

ரெண்டாவது, கெணறு வத்துதுன்னு தெரிஞ்சா பக்கத்துத் தோட்டத்தைப் பாரு. இருவத்தஞ்சு பேருக்குக் கீழ மேசை வேலைக்காரங்க இருக்கற சின்னக் கம்பெனிகளுக்கு, நாட்டுக்காரன் கணக்குலயும் உள்ளூரு ஆளு கணக்குலயும் கேக்காமலே பத்துப் பத்துப் போட்டுருவாங்க. உன்ற இருவதோட சேத்தா நாப்பது. சின்ன ஊட்டுச் சம்மந்தத்துல கேள்வி கம்மி, நாஞ் சொல்லலை? ஆனா கம்பெனி மாறுனாப் புதுசா விண்ணப்பம் போடோணும். ரஜ்ஜுல இருந்து மறுக்காப் பாப்பான். இங்க கைகாவல் இல்லாம அங்க தாவிப்போடாதே.

மூணாவது, குறுக்கு வழி. பேக்கரியில உக்காந்துட்டு உன்ற சேக்காளி ஒருத்தன் யோசனை சொன்னானாமா? "சீட்டுல சம்பளத்தை ஏத்திக் காட்டச் சொல்லு, மாசாமாசம் மிச்சத்தைத் திருப்பிக் கையில குடுத்துரு"ன்னு. அந்தப் பையன் வாயில சோளத்தட்டை வெக்க. அங்க பொய்த் தகவல் குடுத்தா இருவதாயிரம் வெள்ளி வரைக்கும் அபராதம், ரெண்டு வருசம் வரைக்கும் செயிலு, ரெண்டும் சேந்தும் வரும். படிப்புச் சர்ட்டிபிகேட்டையும் சும்மா நம்ப மாட்டான், சரி பாத்த சான்றோடதான் கேப்பான். "நீங்க ஆறை எட்டாக்குனீங்களே, அப்பிச்சி"ன்னு நீ கேக்கலாம். நான் ஆக்குனது நம்ம ஊட்டுக்குள்ள. கண்டுபுடிச்சா உங்கப்பன் நாலு நாளு சோறு திங்காம இருப்பாரு, அவ்வளவுதான் தண்டனை. அந்த ஊருல சோறு போட்டே உள்ள வெச்சிருப்பான்.

நாலாவது, கோர்ட்டுக்குப் போவேன்னு நீ துள்ளறே. சீமையில ஒரு கூட்டம் போச்சு, செயிச்சுது, அது நெசம். 2002ல இங்கிலாந்துக்காரன் திறமைசாலிகளுக்குன்னு எச்எஸ்எம்பிங்கற ஒரு பாயிண்டுத் திட்டம் போட்டு, குடும்பத்தோட வாங்கன்னு கூப்புட்டான். நம்மாளுக ஊட்டை வித்து, வேலையை உட்டுப்போட்டுப் போனாங்க. 2006 நவம்பர்ல விதியை மாத்துனான். அனுபவத்துக்கு இருந்த பாயிண்டை எடுத்துப்போட்டு வயசு, படிப்பு, சம்பளம்னு நிறுத்துனான். எழுவத்தஞ்சு வேணும்னான். புதுசா வர்றவனுக்கு மட்டுமில்லை, பழைய விதியில உள்ள வந்து புதுப்பிக்க நின்னவனுக்கும் அதேதான். எச்எஸ்எம்பி போரம்னு சங்கம் கட்டி வழக்குப் போட்டாங்க. 2008 ஏப்ரல்ல லண்டன் ஐகோர்ட்டு, ஏற்கெனவே உள்ள இருக்கறவனுக்குப் புது விதியைப் போட்டது சட்டப்படி செல்லாதுன்னு சொல்லிப்போட்டுது. ஏன் செயிச்சாங்க? நம்பி வந்தவனுக்குக் குடுத்த சொல்லு காயிதத்துல இருந்துது. தாம்பூலம் மாத்துனதுக்கப்பறம் எட்டுப் பவுனு எச்சாக் கேட்ட கதை அது.

உன்ற சிங்கப்பூருக்காரன் அப்படியில்லை. 2022 மார்ச்சுலயே பாராளுமன்றத்துல சொல்லிப்போட்டான். புதுசா வர்றவனுக்கு 2023 செப்டம்பர் ஒண்ணாந் தேதி, புதுப்பிக்கறவனுக்கு 2024 செப்டம்பர் ஒண்ணாந் தேதின்னு. உனக்கு ரெண்டரை வருசம் அவகாசம் இருந்துது. அந்த ரெண்டரை வருசத்துல நீ பண்ணுனது என்ன? புது டிவி வாங்குனே, பெருசா. கிரிக்கெட்டு நல்லாத் தெரியுதாமா? போச்சாது உடு.

எல்லா ஊருலயும் இதே கெரகந்தான். அதே சீமையில இன்னைக்கிருக்கற வேலை விசாவுக்குச் சம்பள வரம்பு 2024 ஏப்ரல்ல வருசத்துக்கு 26,200 பவுண்டுல இருந்து 38,700க்குத் தாவுச்சு. அடுத்த வருசம் சூலையில 41,700. கனடாவுல நிரந்தரமாத் தங்கறதுக்குப் போடற கணக்குல, வேலை கையில இருக்குதுன்னு காட்டுனாக் கெடைச்சிட்டிருந்த பாயிண்டை 2025 மார்ச்சுல மொத்தமாத் தொடைச்சுப்போட்டாங்க. வேணுங்கறப்பத் திறப்பான், வேண்டாங்கறப்ப மூடுவான். மடையும் அவன்து, வாய்க்காலும் அவன்து. நம்ம கையில இருக்கறது மம்பட்டி மட்டும். தண்ணி வர்ற முறையில பாச்சிக்கோணும், வராத முறைக்குக் கெணத்துல கொஞ்சம் வெச்சுக்கோணும். அதனால சரவணம்பட்டியில அடுக்கு மாடியில ஊடு வாங்கறேன், இருவது வருசக் கடன், வெள்ளியில கட்டிப்போடுவேன்னு சொன்னயே, அதைச் சித்தெ தள்ளிப் போடு. மூணு வருசப் பாஸை நம்பி இருவது வருசக் கடன் வாங்கறவனுக்குச் சாதகம் பாக்கவே வேண்டாம்.

இப்பக் கடைசியா ஒண்ணு. நேத்துச் சாயங்காலம் பேக்கரியில நீயும் உன்ற சேக்காளிகளும் என்ன பேசிட்டிருந்தீங்க? டீ ஆத்தறவன் இந்திக்காரன், நார் மில்லுல இந்திக்காரன், திருப்பூருல எந்தப் பக்கம் திரும்புனாலும் இந்திக்காரன், இப்படியே போனா நம்ம பொழப்பு என்னாகறதுன்னு. நானும் பக்கத்து பெஞ்சுல உக்காந்து ஆமா ஆமான்னு தலையாட்டிட்டுத்தான் இருந்தேன். ஊட்டுக்கு வந்து உன்ற மூணாவது பொருத்தத்தைப் படிச்சதுக்கப்பறந்தான் பொக்குன்னு ஆயிப்போச்சு. அப்புனு, நாம பேக்கரியில வடை தின்னுட்டுப் பேசுனதும் அதே மூணாவது பொருத்தந்தான். நாம பேசுனோம், அவன் எண்ணிப்போட்டுப் பாயிண்டு போடறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்ம தோப்புல மட்டை உரிக்கற பீகாருப் பையன் வந்தப்ப நான் மூணு பொருத்தம் பாத்தேன். ஆதார் இருக்குதா, மட்டை உரிப்பியா, தண்ணி போடுவியா. சிங்கப்பூருக்காரன் ஆறு பாக்கறான், நான் மூணோட உட்டுப்போட்டேன், என்னையாட்டத் தாராளம் உண்டான்னு மாரு தட்டிக்கிட்டேன். ஆனா அவன் விதியை எழுதி வெச்சிருக்கறான். எந்தத் தேதிக்கு எத்தனைன்னு உனக்குத் தெரியும். என்ற விதி என்ற வாயில இருக்குது. காலையில ஒண்ணு, சாயங்காலம் டீ குடிச்சா ஒண்ணு. அந்தப் பையன் எந்த இணையதளத்துல போயி என்ற மனசுக்கு மார்க்குப் போட்டுப் பாப்பான்?

சட் பண்டிகைக்கு ஊருக்குப் போறானாமா. தன்பாத் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட்டு எடுத்துப்போட்டான், கக்கூசு ஓரம் நின்னுட்டாவது போயிருவான். நேத்து வந்து தலையைச் சொறிஞ்சுட்டு, "திரும்பி வந்தா வேலை இருக்குமா, பாபா"ன்னு கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாக்கலாம்."

ஆமா, சிரி. நல்லாச் சிரி. அப்பறம் எந்திரி. அக்கட்டால அந்த எளனி மரத்தடியில உக்காந்திருக்கறான் பாரு, அவன்தான். போயி, "வேலை உனக்குத்தான், போய்ட்டு வா"ன்னு சொல்லிப்போட்டு வா. தேதியும் கேட்டு வெச்சுக்கோ, செவுத்துல எழுதிப்போடலாம். இந்தி தெரியுமல்ல உனக்கு?

தெரியாதா? ஆறு வருசம் ஒரே கூரைக்கடியில இருவது இந்தியனோட உக்காந்திருந்தே, இது கூடக் கத்துக்கலையா? அமைச்சு போட்டது இருக்கட்டும், நான் போடறேன் உனக்குச் சைபரு.